கண்மாய் மடைக்கு ஒரு பித்தளை நட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கி இடுப்பை நிமிர்த்துவதற்குள் இரண்டு பேர் பால்கோவா டப்பாவோடு வழிமறித்தார்கள். ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்தவளுக்குப் பல் துலக்கும் முன்பே பால்கோவாவா? “ஊருக்குப் போகும்போது வாங்கிக்கிடுதேன், இப்ப ஆளை விடுங்கப்பா” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தேன். டீ நன்றாகவே இருந்தது. சென்னையில் டீ என்ற பெயரில் வெந்நீர் குடித்துப் பழகிய நாக்கு இன்னொரு கிளாஸ் கேட்டது.

என் தங்கை செல்வி வத்திராயிருப்புக்கும் மகாராஜபுரத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். ஊர் பெயரை எழுதிவிடாதே என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். ஏன் என்பது போகப் போகத் தெரியும். கண்மாய்க் கரையில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் லீவு கிடைத்து வர ஞாயிற்றுக்கிழமை ஆகும், அதுவரை வந்து சோறாக்கிப் போடு என்று போனில் அழுதாள். அந்த ஊருக்குக் கல்யாணம், காதுகுத்து என்று பலமுறை போயிருக்கிறேன். எல்லாம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறுகிற கதைதான். ஒரு ராத்திரி தங்கியது கிடையாது.

வத்திராயிருப்பில் மாறி ஏறிய மினி பஸ்ஸில் பாட்டு காதைக் கிழித்தது. குறைக்கச் சொல்லிக் கண்டக்டரிடம் சண்டைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஊர் நெருங்கியதும் டிரைவர் தானாகவே பாட்டை நிறுத்தினார். எதிரில் மாடு நின்றபோதுகூட ஹாரன் அடிக்காமல், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி “ஹை, ஹை” என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நிறுத்தத்தில் செல்வியின் வீட்டுக்காரர் பாண்டி ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து விவசாயம் பார்க்கிறவர். “வாங்க மதினி” என்றார், ரகசியம் சொல்வது போல.

“ஏன் தம்பி மெதுவாப் பேசுதீக? செல்விக்கு ஒண்ணும் இல்லயே?”

“அவளுக்கென்ன, கட்டுப் போட்ட காலோட கெடந்து என்னைய வைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கா. குஞ்சு பொரிச்சிருக்கு மதினி, அதான்.”

கரை ஏறுவதற்கு முன்பே ஸ்கூட்டரை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கரை மேல் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். கண்மாய்த் தண்ணீருக்கு நடுவே கருவேல மரங்கள். மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை நாரைகள். மஞ்சள் மூக்கும், வாலோரத்தில் ரோஸ் நிறமும், ஒரு சிறு பிள்ளை உயரமும். கூடுகளில் வெள்ளைப் பஞ்சு போலக் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கத்தின. பெரிய பறவைகள் மூக்கோடு மூக்கு தட்டுகிற சத்தம் வேறு. ஊர்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தது, பறவைகள் சந்தைக்கடை வைத்திருந்தன.

குஞ்சு பறக்கும் வரை இந்த ஊரில் பட்டாசு கிடையாது, மேளம் கிடையாது, மைக் செட் கிடையாது. கல்யாணம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பிடித்துவிடுவார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு யூரியா வாங்க வேண்டியதில்லை என்று பாண்டி பெருமையாகச் சொன்னார். எனக்கு என்னவோ நெஞ்சு நிறைந்துவிட்டது. சென்னையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் பெயரில் ஏரி இருக்கிறது. ஏரி எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் தரையைக் காட்டுவார்.

“அந்தா பாருங்க, நம்ம நெல்லு” என்று பாண்டி தூரத்தில் கை காட்டினார். மரங்களுக்கு அந்தப் பக்கம், கரைக்கு நேர் எதிரே கண்மாயின் மேட்டு ஓரத்தில், தண்ணீருக்கு மேல் கதிர் நுனி மட்டும் தெரிந்தது. கண்மாய்க்குள்ளேயே ஒரு விவசாயம். தண்ணீர் ஏறாத மேட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் நெல் போட்டிருந்தார்கள். அது யாருடைய நிலம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. தை மாதத்தில் வழக்கமாகப் பெய்யாத மழை இந்த வருஷம் பெய்து, அறுக்கப் போகிற நேரத்தில் கதிர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

அன்றைக்கு அயிரை மீன் குழம்பு வைத்தேன். பாண்டி நாலு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். செல்விதான் விஷயத்தைச் சொன்னாள். “இன்னும் ரெண்டு நாளு இப்படியே நின்னா நெல்லு அங்கனயே மொளைச்சிரும்க்கா. பட்டாளத்துல சம்பாதிச்சதப் பூராம் இதுலதான் போட்டுருக்காரு.”

மறுநாள் காலை கரையில் கூட்டம். கண்மாய்ச் சங்கத் தலைவர் வெள்ளைச்சாமி நடுவில் நின்றார். தும்பைப்பூ வேட்டி, தேனாய்ப் பேச்சு. எல்லாரும் கிசுகிசுவென்று பேசியதால் பஞ்சாயத்தா, திருட்டுத் திட்டமா என்று புரியவில்லை. நான் பாண்டிக்குக் காப்பி கொண்டுபோன சாக்கில் ஓரமாக நின்றேன். மடையைத் திறந்து தண்ணீரை இரண்டு முழம் இறக்கினால் நெல் வெளியே வந்துவிடும், மரத்தடியிலும் தண்ணீர் மிஞ்சும் என்று கணக்குப் போட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே.

“கண்மாய் பூராத்தையும் எதுக்கு இறக்கணும்? வயலைச் சுத்தி வரப்பை உசத்திட்டு, டீசல் எஞ்சினை வச்சு வயல் தண்ணியை மட்டும் இந்தப் பக்கம் இறைச்சு விட்டா ஆகாதா?”

எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பது போல.

“எஞ்சினா? குஞ்சு பொரிச்சு நிக்கிற நேரத்துலயா?” என்றார் பாண்டி. “தடதடன்னு ராப்பகலா ஓடுமே மதினி. ஒரு நாரை நிக்காது. பூராம் பறந்துரும்.”

“மெட்ராஸ்காரவிய, அவியளுக்கு எப்படித் தெரியும்? மடைன்னா சத்தமே வராதுக்கா. பறவைக்கே தெரியாம எடுத்துருவோம்” என்று வெள்ளைச்சாமி சிரித்தார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மடைச்சாமிக்குச் சூடம் காட்டினார்கள். தேங்காயைக்கூடக் கல்லில் ஓங்கி அடிக்கவில்லை, அரிவாளால் கீறி இரண்டாகப் பிளந்தார்கள். மடைத் தூணின் மேலே ஒரு இரும்புச் சக்கரம். அதைச் சுற்றினால் திருகுக் கம்பி மேலே ஏறி, அடியில் இருக்கும் ஷட்டரைத் தூக்கும். பாண்டி நன்றாகக் கிரீஸ் தடவிவிட்டுச் சுற்றினார். ஷட்டர் வழுக்கிக்கொண்டு ஏறியது. கீழே விளைந்து நின்ற வயல்களுக்குத் தண்ணீர் தேவையில்லை, அதனால் ஓடைக்குத் திருப்பிவிட்டார்கள். வெயில் காலத்துக்கு ஆகும் தண்ணீர் அது. ஓடையில் நுரைத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. “மிஞ்சிப்போனா வெள்ளிக்கிழமை மூடிருவேன்” என்று பாண்டி எல்லார் முன்னாலும் சொன்னார். அவரை நம்பித்தான் ஊர் சம்மதித்தது.

வியாழக்கிழமை நெல் தலையைத் தூக்கியது. பாண்டி ஒரு கதிரை ஒடித்து வந்து செல்வியின் கையில் கொடுத்தார். அவள் ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, “தப்பிச்சிட்டோம்யா” என்றாள். அன்று அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது கரையிலிருந்து பாண்டி ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை.

“மடை மூட மாட்டேங்கு. சக்கரம் சும்மா சுத்துது.”

போய்ப் பார்த்தேன். சக்கரத்துக்கு நடுவில் திருகுக் கம்பியைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டின் உள்மரை மழமழவென்று தேய்ந்து போயிருந்தது. பல வருஷத்து நட்டு. கம்பி அதில் பிடிக்கவே இல்லை. ஷட்டரோ மேலே தூக்கியபடி, அது ஏறி இறங்கும் காடியில் இறுகி நின்றது. கடப்பாரையால் தட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. மடை வாயில் மணல் மூட்டையைப் போட்டார்கள். போட்ட மூட்டையைத் தண்ணீர் உறிஞ்சி அந்தப் பக்கம் துப்பியது.

மரத்தடியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. மரத்தடியில் தண்ணீர் இருக்கும் வரைதான் கூடுகளுக்குப் பாதுகாப்பு. தரை தெரிந்துவிட்டால் நாய் வரும், நரி வரும், காட்டுப்பூனை மரத்திலேயே ஏறும். அதைக் கண்டால் தாய்ப் பறவை கூட்டை விட்டுவிடும் என்று பாண்டி சொன்னார். எதிர்க் கரையில் இரண்டு நாய்கள் அதற்குள்ளாகவே வந்து உட்கார்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“கண்மாயைப் பார்க்கிற கவர்மெண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, ஆள் வரட்டும்” என்றேன்.

“அவியகிட்டக் கேக்காமத்தான தொறந்தோம்?” என்றார் பாண்டி.

புது நட்டு வேண்டும். அதற்கு ராஜபாளையம் போக வேண்டும், அங்கேதான் மில்களுக்கு வேலை செய்கிற லேத் பட்டறைகள் இருக்கின்றன. பாண்டி மூட்டை அடுக்குவதை விட்டு நகர முடியாது. பைக் வைத்திருந்த மற்றவர்களைத் தேடினால் ஒருவரையும் காணோம். அவரவர் நெல்லைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சாவியைக் கொடுங்க” என்றேன். தேய்ந்த நட்டையும், அளவுக்குப் பழைய திருகுக் கம்பியில் ஒரு துண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். சென்னைப் போக்குவரத்தில் ஓட்டுகிறவளுக்கு இது ஒரு ரோடா என்று மனதுக்குள் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் முதல் பட்டறைக்காரர் மில் ஆர்டர் இருக்கிறது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். இரண்டாவது பூட்டிக் கிடந்தது. மூன்றாவது பட்டறை சாகுல் பாயுடையது. தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

“பாய், ஒரு நட்டு. உயிர் போற அவசரம்.”

வாங்கிப் பார்த்தார். “பித்தளைல கடையணும். உள்மரை வேற. ஜும்ஆவுக்குப் போயிட்டு வந்துருதேன், செத்த நேரம் உக்காருங்கம்மா.”

“கடைஞ்சு கொடுத்துட்டுப் போகக் கூடாதா?”

“அல்லாவையா காக்க வைக்கச் சொல்லுதீக?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் தொழுகையோடு சண்டை போடுகிறவள் இல்லை. பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் பரோட்டா பிய்த்துப் போட்டார்கள். சால்னா வாசனைக்கு ஊரே மயங்கும். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

போன் அடித்தது. செல்வி. “அக்கா, முழங்காலுக்குக் கீழ போயிருச்சு. எங்க இருக்க?”

“கடையிலதான் இருக்கேன். செத்த நேரம்” என்றேன். பாயின் வார்த்தையே என் வாயில் வந்தது.

பட்டறை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எதிர் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீடு தெலுங்கு என்பதால் எனக்குக் காதில் விழுந்தால் புரியும். “யார் இந்தம்மா, கூண்டுப் புலி மாதிரி நடக்குது?” என்றாள் ஒருத்தி. “நட்டு கழண்டு போச்சாம், புதுசு மாட்ட வந்திருக்கு” என்றாள் மற்றவள். இன்னொரு நாளாக இருந்தால் தெலுங்கிலேயே நாலு வாங்கு வாங்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கே சிரிப்பு வந்து, கூடவே அழுகையும் வந்தது.

சாகுல் பாய் வந்து மெஷினைப் போட்டார். பித்தளை சுருள் சுருளாக உதிர்ந்தது. “எந்தக் கம்மா?” என்று கண்மாயைக் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன், விஷயத்தையும் சொன்னேன்.

“எங்க ஊருப் பக்கமும் ஒரு கம்மா இருந்துச்சும்மா. கொக்கும் தாராவுமா கெடக்கும். இப்ப அது தென்னந்தோப்பு. தோப்புக்காரன்தான் எனக்கு மருமகன், பொண்ணைக் குடுத்துருக்கேன். என்னத்தச் சொல்ல?” பேசிக்கொண்டே நட்டை என் துண்டுக் கம்பியில் ஏற்றிப் பார்த்தார். அது அல்வாவில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பாயைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்பு ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஆட்டம் கண்டது. பின் டயரில் கருவேல முள். பஞ்சர் கடை எங்கே என்று தேடக்கூட நேரமில்லை. வண்டியை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, அந்த வீட்டுக்காரம்மாவிடம் “பார்த்துக்கிடுங்க தாயி, வாரேன்” என்று சொல்லிவிட்டு ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்தேன். தேங்காய் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று கிரீச்சிட்டு நின்றது. டிரைவர் திட்ட வாயெடுத்தான்.

“பெறகு வையி. முதல்ல ஏத்து” என்றேன்.

முன்னால் இடமில்லை. தேங்காய் மேலேயே உட்கார்ந்து போனேன். மேடு பள்ளத்தில் வண்டி குதித்த குதியில் எலும்பு எல்லாம் இடம் மாறியது. ஒரு கையால் கயிற்றையும், மறு கையால் மடியில் இருந்த பையையும் பிடித்திருந்தேன். மறுபடியும் செல்வியின் போன். “அக்கா, ஓரத்து மரத்துக்கடியில சேறு தெரியுதுக்கா” என்று சொல்லி ஓவென்று அழுதாள். நான் டிரைவரின் தலைக்கு மேல் கூரையைத் தட்டித் தட்டி விரட்டினேன்.

கரை ஏறியபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. மடைத் தூண் மேல் பாண்டி இடுப்பு வரை சேறோடு நின்றார். நட்டைக் கையில் கொடுத்தேன். அவர் அதை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினார். கம்பி பிடித்தது. இரண்டு பேர் சக்கரத்தில் தொங்கினார்கள். இறுகிக் கிடந்த ஷட்டர் ஒரு பெரிய ஓலத்தோடு கீழே இறங்கி உட்கார்ந்தது. ஓடையில் சத்தம் அடங்கியது.

நடு மரங்கள் கணுக்கால் தண்ணீரில் நின்றன. ஓரத்து மரங்கள் வெறும் சேற்றில் நின்றன. அதைவிட என் கண்ணில் பட்டது வேறு. வடிந்து போன சேற்றில் ஆட்கள் கயிறு பிடித்துக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட இருந்தார்கள். கறுத்துப் பளபளத்த வண்டல், பறவை எச்சம் ஊறிய மண். வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாருக்கு எது வரை என்று கை காட்டிக்கொண்டிருந்தார். காலையில் பைக்கோடு காணாமல் போனவர்களும் அங்கேதான் இருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுக் காலோடு கரைக்கு வந்து உட்கார்ந்திருந்த செல்விதான் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சனிக்கிழமை விடியும்போது நாய்கள் சேற்றில் இறங்கிவிட்டன. ஓரத்து மரத்தில் ஒரு கூடு சரிந்து தொங்கியது. தவறி விழுந்த குஞ்சை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். பாண்டி கரையிலிருந்து குதித்தார். அதுவரை கிசுகிசுவென்றே பேசிவந்த மனிதர் “ஏ நாயே! ஓடு! ஓடு!” என்று தொண்டை கிழியக் கத்தினார். ஓடிப் போய் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து வந்து கரண்டியால் அடித்தார். நானும் ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினேன். செல்வி கட்டுக் காலோடு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடத்தைத் தட்டினாள். இன்னும் நாலைந்து வீட்டுப் பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த ஊர் அப்படி ஒரு சத்தத்தைப் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக்கூடக் கேட்டிருக்காது.

நாரைகள் எல்லாம் பறந்துவிடும் என்று பயந்துகொண்டேதான் அடித்தோம். நடு மரங்களில் ஒரு பறவைகூட எழவில்லை. கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தன. பிறகு மீனைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டின. தாம்பாளம் ஒரு பக்கம், ஊட்டல் ஒரு பக்கம். ஓரத்து மரங்களில்தான் பெரிய பறவைகள் வட்டமிட்டுவிட்டுத் திரும்பி இறங்காமல் போயின. அவற்றை விரட்டியது சத்தம் இல்லை, தரையில் நின்ற நாய். அந்தக் கூடுகளில் குஞ்சுகள் மத்தியானம் வரை வாயைத் திறந்து கத்தின. சாயங்காலம் கத்தவில்லை.

பாண்டி தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சேறு, கண்ணீர் வழிந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

“எஞ்சினையே வச்சிருக்கலாம் மதினி” என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. தொண்டை அடியோடு கட்டிவிட்டது. நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை என் வாய்க்கு வந்தது. எப்போதும் விடமாட்டேன், அன்றைக்கு விழுங்கிவிட்டேன்.

அப்போது வெள்ளைச்சாமியும் குச்சி நட்ட ஆட்களும் வந்தார்கள். வெள்ளைச்சாமி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாண்டியின் தோளில் போட்டார்.

“ஒங்க புண்ணியத்துல நெல்லு தப்பிச்சுச்சு, எங்களுக்கும் நாலு குழி நெலம் கெடச்சுச்சு. மாசியிலயே எள்ளு வெதைச்சாத்தான் வரும். மிச்ச மீதித் தண்ணியையும் நாளைக்குக் காலையில தொறந்து வடிச்சு விட்ருவோம். புது நட்டு, ஜம்முன்னு சுத்தும். நீங்களே ஒங்க கையால தொறங்க.”

நடு மரத்துக் குஞ்சுகளுக்கு அப்போதுதான் சிறகு முளைத்துக்கொண்டிருந்தது. பறக்க இன்னும் சில வாரமாவது ஆகும். பாண்டி எழுந்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார், இருமல்தான் வந்தது. “சரி சரி, ஓய்வெடுங்க, காலையில பாப்போம்” என்று அவர் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் சம்மதித்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டார்கள். நான் பின்னாலேயே போய், “மாட்டேன்னுதான் அவர் சொல்ல வந்தார்” என்று கத்தினேன். “நீங்க நாளைக்கு ஊருக்குப் போறவிய. போயிட்டு வாங்கக்கா” என்றார் வெள்ளைச்சாமி, அதே தேன் குரலில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வியின் மகள் வந்து சேர்ந்தாள். நான் மூட்டை கட்டினேன். பாண்டி என்னை மினி பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் மடைத் தூணில் ஏறினார். கிரீஸ் போடப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கி வந்து, துண்டில் சுற்றிய ஒன்றை என் கைப்பையில் வைத்தார். கனமாக இருந்தது. புத்தம் புது நட்டு. அது இல்லாமல் அந்தச் சக்கரத்தில் எத்தனை பேர் தொங்கினாலும் ஷட்டர் ஏறாது.

“குஞ்சு பறக்குற வரைக்கும்” என்றார், என் காதில். அந்த மூன்று வார்த்தைக்கே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஊர்ல ஒங்களைச் சும்மா விடுவாங்களா?”

தலையை ஆட்டினார், விடமாட்டார்கள் என்று. பஸ் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா கடையில் நின்றுகொண்டிருக்கும்போது போன் அடித்தது. தெரியாத எண். பின்னால் ஆட்கள் கூச்சல் போடுவது கேட்டது. பறவைக்காகக் கிசுகிசுத்தவர்கள் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச்சாமியின் குரலில் தேன் வற்றியிருந்தது.

“அக்கா, மடைகிட்ட நிக்கோம். பாண்டி வாயே தொறக்க மாட்டேங்காரு. அந்த நட்டு தப்பித்தவறி ஒங்க பையில வந்துருச்சா?”

கைப்பையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

“எந்த நட்டு?” என்றேன்.